எந்த வீட்டுப் பொண்ணு?

"நாளைக்குக் காலைல வனிதா வீட்டுப் பாவுக்கு யாரும் போவக் கூடாது. சொல்லிட்டேன்."

குழாயடியில் குடத்தை வைத்தபடியே பாஞ்சாலை அறிவித்தாள்.

பக்கத்து வீட்டு எழிலரசிக்குப் பாவமாக இருந்தது. "பாவு நீட்ட ஆள் இல்லன்னா தறி நின்னுடுங்கா. கல்யாணப் புடவைக்கு வேற ஆர்டர் எடுத்துகினு இருக்கா."

"நிக்கட்டும்."

ஆரணியில் தறி ஓடும் எங்கள் தெருக்களில் இது வழக்கம். புடவைக்கான நீள நூலைத்தான் பாவு என்போம். அதைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, இழை அறுந்திருக்கிறதா என்று பார்க்க அக்கம்பக்கத்தார் எல்லாரும் வந்து நிற்பார்கள். கூலி கிடையாது. இன்றைக்கு உன் பாவு, நாளைக்கு என் பாவு.

"பொண்ணுங்க போட்டோவ போன்ல போடறப்ப இனிப்பா இருந்துச்சு இல்ல? இப்ப அனுபவிக்கட்டும்."

விஷயம் இதுதான். வனிதா வாட்ஸ்அப்பில் பட்டு விற்பவள். பட்டுப் பாவாடை விற்க வேண்டுமென்றால் அதைக் கட்டிக்கொண்டு சிரிக்க ஒரு பெண் பிள்ளை வேண்டுமே. அவள் மகள் லிடியாவும், பாஞ்சாலை மகள் இனியாவும் ஒன்பதாம் வகுப்பு. பொங்கலுக்கு இரண்டு பேரையும் மாற்றி மாற்றி நிற்க வைத்துப் படம் எடுத்து ஸ்டேட்டஸில் போட்டாள். அன்றைக்கு அதைப் பார்த்து முதலில் பூரித்தது பாஞ்சாலைதான்.

போன வாரம் வனிதா மகளிர் காவல் நிலையத்தில் இறங்கியதை ஆட்டோக்காரர் பார்த்துவிட்டார். எவனோ அந்தப் போட்டோக்களில் ஒன்றை எடுத்து அசிங்கமாக மாற்றி, 'நான் சொல்றபடி கேளு, இல்லாட்டி எல்லாருக்கும் அனுப்புவேன்' என்று மிரட்டுகிறானாம். அவ்வளவுதான் வெளியே வந்தது. மீதியைப் பாஞ்சாலை சேர்த்துக்கொண்டாள்.

சாதாரண உடையில் வனிதா வீட்டுக்கு வந்துபோன பெண் எஸ்.ஐ.யையும் அவள் விடவில்லை.

"லிடியாதானேங்க மேடம்?"

"யாரா இருந்தாலும் பேரை வெளிய சொல்றதே குத்தம்மா."

"நான் யார்கிட்டங்க சொல்லப் போறேன்?"

எஸ்.ஐ. சிரித்துவிட்டு வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

குழாயடியில் அறிவித்த அன்று ராத்திரி சாப்பிடும்போதும் அதே பேச்சு.

"இனியா, இனிமே அந்த லிடியாவோட உன்னைப் பாக்கக் கூடாது."

செய்யார் கம்பெனி ஷிப்ட் முடிந்து வந்திருந்த அவள் புருஷன் தென்னரசு, தட்டிலிருந்து தலையைத் தூக்கினார். "போட்டோவத் திருடினவன் மேல தப்பா, போட்டோல இருக்கற பொண்ணு மேல தப்பா?"

"ரெண்டு பேர் மேலயும்தான். இவ சிரிக்கலன்னா அவன் ஏன் எடுக்கறான்?"

இனியா பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவப் போனாள்.

"பாரு, வனிதா பேச்சை எடுத்தாலே இவளுக்குச் சோறு எறங்கல" என்றாள் பாஞ்சாலை.

காலையில் கண் விழித்தால் வீட்டில் புருஷனையும் காணோம், மகளையும் காணோம். வாசலுக்கு வந்தாள்.

தெருவில் வனிதா வீட்டுப் பாவு அரக்குச் சிவப்பில் நீண்டு கிடந்தது. கைகள் போதாமல் நடுவில் தொய்ந்திருந்தது. ஒரு முனையில் வனிதாவும் லிடியாவும். இன்னொரு முனையில் தென்னரசும் இனியாவும்.

பாஞ்சாலை விடுவிடுவென்று போனாள்.

"இன்னாய்யா இது, எனக்கு நீ குடுக்கற மரியாதையா?"

"ஜல்தியா முடிச்சிட்டு வந்துடறேன். வெயில் ஏறிடும்" என்றார் தென்னரசு.

அவரிடம் பேசிப் பயனில்லை என்று வனிதா பக்கம் திரும்பினாள். "இங்க பாரு வனிதா. ஒரே கேள்வி. அது உன் பொண்ணா, இல்லியா?"

"அக்கா, தெரிஞ்சிகினே போலீஸ்ல சொல்லலன்னா குத்தம். தெருவுல சொன்னாலும் குத்தம். என்னை விட்ருங்களேன்."

"அடுத்தவங்க பொண்ணு பேரைச் சொன்னாதானே குத்தம்? உன் பொண்ணு இல்லன்னா, இல்லன்னு சொல்றதுக்கு இன்னா?"

வனிதா ஒரு இழையை விரலால் நீவிவிட்டாள். பாவாடை கட்டிப் படம் எடுத்தது இரண்டே பேரைத்தான்.

"என் பொண்ணுதாங்கா. போதுமா?"

"ஆமா பெரிம்மா, நான்தான்" என்றாள் லிடியா, அறுந்த இழையை முடிந்துகொண்டே. என்னமோ ரேஷன் கடையில் பேர் கேட்ட மாதிரி.

"கேட்டியாய்யா?" பாஞ்சாலை ஜெயித்த முகத்தோடு புருஷனிடம் திரும்பினாள். "இவங்க பாவைத்தான் நீ புடிச்சிகினு நிக்கற."

இனியாவின் கையிலிருந்து நூல் நழுவியது.

"பொய் சொல்றாங்கம்மா. எனக்காகச் சொல்றாங்க. அது என் போட்டோ."

பாஞ்சாலை தென்னரசைப் பார்த்தாள்.

"ஸ்டேஷன்ல என்னைக் கூப்ட்டு எல்லாம் சொன்னாங்க" என்றார் அவர் மெல்ல. "போட்டோ எவனுக்கும் போவறதுக்கு முன்னாடியே அவனை நேத்து புடிச்சிட்டாங்க. இவ மொதல்ல வனிதாகிட்ட போய்ச் சொன்னதாலதான் ஆச்சு."

பாஞ்சாலை தெருவை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தாள். ஒரு ஆள் இல்லை. யாரையும் வரக் கூடாது என்று அவளே சொல்லி வைத்திருந்தாளே.

தொய்ந்து கிடந்த பாவைக் குனிந்து தூக்கிப் பிடித்துக்கொண்டாள். இனியாவைப் பார்த்துக் கேட்டாள்.

"பெத்தவகிட்ட சொல்லாம, ஏண்டி வனிதாகிட்ட போன?"

"உன்கிட்ட சொல்லியிருந்தா, 'நீ சிரிக்கலன்னா அவன் ஏன் எடுக்கறான்'னுதானேம்மா கேட்டிருப்ப?"