பொம்பளைங்க வரவேண்டாம்

"பூரணி, நீங்க வீட்டுக்குப் போங்க. ஒங்க வீட்டுக்காரர அனுப்புங்க."

பள்ளிக்கூடத்து கேட்டை உள்ளே தாழ் போட்டுக்கொண்டு ஷெரோமி டீச்சர் இப்படிச் சொன்னதும் பூரணிக்கு முகம் சுருங்கிப் போனது. கையில் விளக்குமாறு, தோளில் மண்வெட்டி. பின்னால் இன்னும் பத்துப் பதினைந்து பெண்கள், அதே கோலத்தில்.

வருசா வருசம் நடக்கிற காரியம்தான். பள்ளிக்கூடம் தொடங்குவதற்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை சிரமதானம், ஊர் கூடிப் பள்ளிக்கூடத்தைத் துப்புரவாக்கும் வேலை. வீட்டுக்கு ஒருவர் வரவேண்டும் என்பார்கள். அந்த ஒருவர் தேயிலைத் தோட்டத்து லய வீடுகள் எதிலும் பெண்தான், அதற்கென்று தனிச் சட்டம் போடவேண்டியதில்லை. இந்த வருசம் ஆண்கள்தான் வரவேண்டும் என்று டீச்சர் வீடு வீடாகப் போய்ச் சொல்லியிருந்தார். யாரும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

விடுமுறை முழுக்க டீச்சர் ஓய்ந்து உட்காரவில்லை என்பது உண்மை. சுவரில் எழுத்து எழுதினார், பிள்ளைகள் உட்காரும் சின்னக் கதிரைகளுக்குப் பச்சையும் மஞ்சளும் பூசினார். போன கிழமை பெய்த மழை அத்தனையையும் கெடுத்துவிட்டது. பின்பக்கத்து மண்மேடு சரிந்து, ஒன்றாம் வகுப்புக்குள் முழங்கால் அளவு சேறு.

"டீச்சர், நாளைக்கு எங்க புள்ள நிலக்ஷிக்கு பள்ளிக்கூடத்துல மொத நாளு. உள்ள விடுங்க, அள்ளிப் போட்டுட்டுப் போறோம்," என்றாள் பூரணி.

"அள்ள வேண்டியவங்க வரட்டும். வரலேன்னா சேறு அப்பிடியே கெடக்கட்டும். நாளைக்கு புள்ளைங்க எங்க ஒக்காருறதுன்னு அப்பாமாரே வந்து பாக்கட்டும்."

நம் கை அவ்வளவு ஆகாத கையா என்று ஒருத்தி முணுமுணுத்தாள். வட்டவளைத் தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து எடுத்தவளின் மகள்தானே, டீச்சரானதும் கொழுப்பு ஏறிவிட்டது என்றாள் இன்னொருத்தி. பூரணிக்கும் வயிறு எரிந்தது. வீட்டுக்குப் போய் நடந்ததை ஒன்று விடாமல் புருசனிடம் கொட்டினாள்.

லயத்துக் கோடியில் கேரம் ஆடிக்கொண்டிருந்த சுதாகரனுக்கு ஏறிய கோபத்தைப் பார்க்கவேண்டுமே. கூட ஆடியவர்களையும் கிளப்பிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு நடந்தான். இவன் வாய் நீண்டு, டீச்சர் அந்தக் கோபத்தை நம் பிள்ளையிடம் காட்டிவிட்டால் என்ன செய்வது என்று பூரணி தோளிலிருந்த மண்வெட்டியை இறக்கி வைக்கவும் மறந்து பின்னாலேயே ஓடினாள்.

கேட்டுக்கு இந்தப் பக்கம் சுதாகரன் கத்தினான். அந்தப் பக்கம் டீச்சர் அசையவே இல்லை. வலயக் கல்விக் கந்தோரின் அதிகாரிகளுக்கு முறைப்பாடு எழுதுவேன் என்றான். தாராளமாக எழுதுங்கள், பேனா இல்லையென்றால் நான் தருகிறேன் என்றார்.

"கூட்டுறது கழுவுறதெல்லாம் பொம்பளைங்க வேலைங்க டீச்சர். காலங்காலமா அப்பிடித்தான்."

"அவங்க கெழம பூரா மலை ஏறி கொழுந்து எடுக்குறாங்க. கெடைக்கிறது ஒரு ஞாயித்துக்கிழம. அதுலயும் வெறகு, துணி, சோறு. இப்ப பள்ளிக்கூடத்துச் சேறும் அவங்களுக்குத்தானா? ஏன், புள்ளைக்கு அப்பா இல்லையா?"

பூரணி சட்டென்று தலையைக் குனிந்துகொண்டாள். இந்த நியாயத்தை அவளுக்காக யாரும் கேட்டதில்லை. அவளே கேட்டதில்லை. காலையிலிருந்து எரிந்த வயிறு குளிர்ந்து சிரிப்புக்கூட வந்தது, புருசன் பார்த்துவிடுவானே என்று அடக்கிக்கொண்டாள்.

சுதாகரன் விடுவதாயில்லை. கடைசி அஸ்திரத்தை எடுத்தான்.

"ஊருக்கு நல்லா சொல்றீங்க. ஒங்க வீட்டு ஐயா நுவரெலியாவுல கந்தோர் உத்தியோகம். இப்ப சாய்ஞ்சு படுத்துக்கிட்டு டீவி பாப்பாரு. மொதல்ல அவர கூட்டியாங்க. அவரு ஒரு கூடை மண்ணு அள்ளட்டும், மிச்சத்த நாங்க அள்ளுறோம்."

ஆண்கள் எல்லோரும் சிரித்தார்கள். டீச்சர் தாழைத் திறந்தார். இந்த இடத்தில் மாட்டிக்கொண்டார் என்றுதான் பூரணி நினைத்தாள், பாவமாகவும் இருந்தது.

"அவருக்கு மண்ணு அள்ள நேரமில்ல. நீங்களே போய்க் கேளுங்க," என்று டீச்சர் பிள்ளைகளின் கக்கூஸ் பக்கம் கையைக் காட்டினார்.

உள்ளே வாளித் தண்ணீர் ஊற்றும் சத்தம். கதவைத் தள்ளிக்கொண்டு டீச்சரின் புருசன் றோலண்ட் வெளியே வந்தார். காற்சட்டை முழங்காலுக்கு மேலே சுருட்டியிருந்தது, கையில் பிரஷ். விடிந்ததிலிருந்து உள்ளேதான் நின்றிருக்கிறார் என்பது அவர் கிட்டே வந்தபோது மூக்குக்கே தெரிந்தது.

சுதாகரனுக்குப் பக்கத்தில் நின்றவன் பூரணியின் தோளிலிருந்த மண்வெட்டியை மெல்ல வாங்கிக்கொண்டான்.

"கோவிச்சுக்காதீங்க தம்பி," என்றார் றோலண்ட், புறங்கையால் நெற்றியைத் துடைத்தபடி. "கல்யாணம் கட்டின நாள்ல இருந்து வீட்டுல ஒரு கோப்பை கழுவினவன் இல்ல நான். ஒங்களுக்கு முந்தி இவங்க சண்ட புடிச்சு ஜெயிச்சது என்கிட்டதான். வாங்க, இந்த ஒன்னாம் வகுப்புக்கு நானும் புதுசுதான்."