மோராவுக்குப் பிடிக்காத ஊர்கள்

“ஃப்ளோரிடால டெஸ்டின் பீச்சும் வேண்டாமா? அதுக்கு என்னடி குறை?”

கிர்ஸ்டன் மடிக்கணினியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். ஜன்னலுக்கு வெளியே ஒஹாயோவின் பனி கொட்டிக்கொண்டிருந்தது. உள்ளே அவளுக்கு மண்டை கொதித்தது.

“மணல் ரொம்ப வெள்ளையா இருக்கு. கண்ணு கூசும்,” என்றாள் மோரா.

கல்லூரியில் இது கடைசி வருஷம். மே மாதம் பட்டம் வாங்கியதும் நாலு பேரும் நாலு திசை. அதற்குள் ஒரு தடவையாவது நாலு பேரும் சேர்ந்து ஸ்பிரிங் பிரேக் என்கிற மார்ச் விடுமுறைக்குக் கடற்கரை ஊர் ஒன்றுக்குப் போய்விட வேண்டும் என்பது கிர்ஸ்டனின் ஆசை.

இதுவரை போனதெல்லாம் மூன்று பேர்தான். கிளம்புகிற நேரம் பார்த்து ஜொயெல் கழன்றுகொள்வாள். ஒரு வருஷம் காய்ச்சல். ஒரு வருஷம் அத்தை கல்யாணம். போன வருஷம் என்ன சொன்னாள் என்பது யாருக்கும் ஞாபகமில்லை.

இந்த முறை ஜொயெல், “பார்க்கலாம்” என்றிருந்தாள். அவள் வாயிலிருந்து அதுவே பெரிய வார்த்தை. நல்ல ஊராகப் பார்த்து சீக்கிரம் வீடு பிடித்துவிட்டால், எப்படியாவது அவளைக் காரில் ஏற்றிவிடலாம் என்று கிர்ஸ்டன் நினைத்திருந்தாள்.

குறுக்கே நின்றது மோரா.

அவர்களுக்குள் ஒரு வழக்கம். எல்லாரும் தலையாட்டினால்தான் ஊர் முடிவாகும். ஒருத்தர் மாட்டேன் என்றாலும் போச்சு. மோரா அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். பனாமா சிட்டி பீச்சில் கூட்டமாம். மர்ட்டில் பீச்சில் ஜெல்லிமீனாம். சவுத் பாட்ரேயில் காற்றே வெந்நீர் மாதிரி வீசுமாம். கல்ஃப் ஷோர்ஸ் என்றபோது காரணம்கூடச் சொல்லவில்லை. உதட்டைப் பிதுக்கியதோடு சரி.

இப்படி இழுத்து இழுத்தே நல்ல வீடெல்லாம் அடுத்தவர் கைக்குப் போய்விட்டது. அதற்கப்புறம் சாவகாசமாக வாயைத் திறந்தாள்.

“வடக்குக் கோடியில மெய்ன்ல ஹாடக் பாயின்ட்னு ஒரு ஊர் இருக்கு. கடலை ஒட்டியே வீடு. காலியாதான் இருக்காம்.”

“மார்ச் மாசக் குளிர்ல மெய்ன்ல வீடு காலியா இல்லாம வேற எப்படி இருக்கும்?” என்றாள் கிர்ஸ்டன்.

நாலாவது ஆளான டார்னெல் மட்டும் ரொம்ப யோசித்துச் சொன்னான், தன் நீச்சல் டிரவுசரை எடுத்து வருவதாக. அங்கே இருக்கிற கடல்நாய் எதற்காவது அளவு சரியாக இருக்குமாம்.

கிர்ஸ்டனுக்குச் சிரிப்பு வரவில்லை. “உனக்கு வெயில் ஆகாதுன்னா நீ வீட்லயே இரு. உன் ஒருத்திக்காக நாங்க ஏன் விறைச்சுச் சாகணும்? ஜொயெல் இந்தத் தடவையும் வரலன்னா அதுக்கு நீதான் காரணம், மோரா. சுயநலம்டி உனக்கு.”

ஜொயெல் கட்டில் ஓரத்தில் போர்வை நுனியைத் திருகியபடி உட்கார்ந்திருந்தாள். மோரா தன் நகத்தைப் பார்த்துக்கொண்டே, “சுயநலம்னே வெச்சுக்கோ,” என்றாள்.

வேறு வழியில்லை. ஹாடக் பாயின்ட்தான்.

ஊர் எப்படி இருந்தது என்கிறீர்கள்? ஐஸ்கிரீம் கடைக் கதவில் ‘கோடையில் சந்திப்போம்’ என்று அட்டை தொங்கியது. கடற்கரையில் ஒரு கிழவரும் அவர் நாயும். நாய்க்கும் கம்பளிச் சட்டை. ஃப்ளோரிடாவுக்குப் போன வகுப்புத் தோழிகள் நீச்சலுடையில் நின்று படமாக அனுப்பித் தள்ள, ஒவ்வொன்றுக்கும் கிர்ஸ்டன் வயிறு எரிந்தது. வழியெல்லாம் மோராவைத் திட்டியது போதாதென்று இங்கே வந்தும் திட்டினாள். மோரா குல்லாயைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

ஆனால் ஜொயெல் வந்திருந்தாள். முதல் ஆளாகப் பையைக் காரில் வைத்ததே அவள்தான். அலை பூட்ஸைத் தொட்டபோது கத்திக்கொண்டு ஓடினாள். டார்னெல் படம் எடுக்கக் கூப்பிட்டதும், யாரும் இழுக்காமலே நடுவில் வந்து நின்றாள்.

காபி கிடைக்குமா என்று மற்ற இரண்டு பேரும் தேடிப் போன நேரம் கிர்ஸ்டன் கேட்டுவிட்டாள். “எத்தனை நல்ல நல்ல ஊருக்குக் கூப்பிட்டேன். அப்பல்லாம் வராதவ, இந்த ஐஸ்பெட்டிக்கு மட்டும் எப்படிடி வந்தே?”

ஜொயெல் மற்ற இரண்டு பேரும் தூரத்தில் போய்விட்டார்களா என்று திரும்பிப் பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். சின்ன வயதில் வீட்டில் தீப்பிடித்ததாம். தோளிலிருந்து முழங்கால்வரை தழும்பாம். நீச்சலுடை என்று யாராவது பேச்செடுத்தாலே ஏதாவது சாக்குச் சொல்லிவிடுவாளாம். விடுதியில் ஒருநாள் மோரா தெரியாமல் குளியலறைக் கதவைத் திறந்துவிட்டாள். மன்னிப்புக் கேட்டு மூடினாள். அன்றிலிருந்து இன்றுவரை அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை.

கிர்ஸ்டன் அவள் பக்கம் திரும்பினாள். “அப்போ, இந்த மாதிரி ஊரா பாருன்னு அவகிட்ட நீதான் சொன்னியா?”

“நான் எங்க சொன்னேன்? இந்த வருஷம் என்ன பொய் சொல்லலாம்னுதான் யோசிச்சிட்டிருந்தேன். அவளா வந்து, ‘அந்த ஊர்ல மார்ச் மாசம் யாரும் ஸ்வெட்டரைக் கழட்ட மாட்டாங்க’ன்னா. அவ்வளவுதான் சொன்னா.”