விற்பனைக்கு ஓர் அறுவடை இயந்திரம்

“இதை உங்க தலையில கட்ட எனக்கு மனசு வரலைங்க. பின் சக்கரத்துல கீறல் இருக்கு” என்றார் மெக்கானிக்.

மேசைமேல் நின்ற குட்டி அறுவடை இயந்திரத்தில் கீறலும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. எதிரே உட்கார்ந்திருந்த டெய்லர், மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு சக்கரத்தை உற்றுப் பார்த்தார். பிறகு, அவசரம் ஒன்றுமில்லை, அடுத்த வாரம் வந்து பார்க்கிறேன் என்று எழுந்துகொண்டார்.

அவர் தெருமுனை திரும்பும்வரை வாசலிலேயே நின்ற மெக்கானிக்குக்குத் தன்மேலேயே எரிச்சலாக வந்தது.

வயல் இயந்திரங்களைப் பழுதுபார்த்தே காலத்தை ஓட்டியவர் அவர். நிஜ இயந்திரத்தை அச்சு அசலாகக் கைக்கடக்கமாய்ச் சுருக்கிய மாதிரிகளைச் சேர்ப்பதில் அப்படியொரு பைத்தியம். கண்ணாடி அலமாரி நிறைய டிராக்டர்களும் கலப்பைகளும் வைக்கோல் கட்டும் இயந்திரங்களும் இருந்தன. எல்லாவற்றுக்கும் ராஜா இந்த அறுவடை இயந்திரம்தான். விரலால் தள்ளினால் முன்னால் கதிரை மடக்கும் உருளை சுழலும். தானியம் கொட்டும் குழாய் பக்கவாட்டில் நீளும். டிரைவர் ஏறும் கதவுகூடத் திறக்கும்.

மனைவி இறந்த பிறகு, எல்லாவற்றையும் விற்றுவிட்டுத் தன்னோடு வந்துவிடும்படி மகள் சொன்னாள். அவரும் விளம்பரம் கொடுத்தார். முதலில் வந்த ஆள் எதையும் வாங்கவில்லை. ஆனால் அவர் கிளம்பும்வரை வீட்டில் இன்னொரு குரல் இருந்தது. அன்று மெக்கானிக் இரண்டு வாய் சோறு கூடுதலாகவே சாப்பிட்டார்.

அதன்பின் விளம்பரமும் நிற்கவில்லை, விற்பனையும் நடக்கவில்லை. வைத்துக் கொடுக்கும் பெட்டியைக் காணோம், இன்னொருவர் சொல்லி வைத்திருக்கிறார் என்று ஏதாவது சாக்குச் சொல்லி அனுப்புவார். முகத்தைச் சுளித்துக்கொண்டு போனவர்கள் மறுபடி எட்டிப் பார்த்ததில்லை.

டெய்லர் மட்டும் வாராவாரம் வந்தார். இதெல்லாம் அவருக்குப் புதிது போலும். அறுவடை இயந்திரத்தை ‘இந்த டிராக்டர்’ என்பார், திருத்தினால் தலையாட்டிவிட்டு மறுபடியும் டிராக்டர் என்பார். ஆனால் காது கொடுத்துக் கேட்பார். சேற்றில் புதைந்த இயந்திரத்தை இழுக்கப்போய்த் தானும் புதைந்த கதையை மெக்கானிக் இரண்டாம் தடவை சொன்னபோதும், முதல் தடவை போலவே சிரித்தார்.

அடுத்த ஞாயிறு மழை கொட்டியது. இதில் யார் வரப்போகிறார்கள் என்று மெக்கானிக் டீக்கு ஒரு தம்ளர் தண்ணீர்தான் அடுப்பில் வைத்தார். கதவு தட்டும் சத்தம் கேட்டது. கம்பி முறிந்த குடையோடு, தொப்பலாக நனைந்து டெய்லர் நின்றிருந்தார். பாதி வழியில் பஸ் நின்றுவிட்டதாம். மீதியை நடந்தே வந்தாராம்.

துண்டை எடுத்துக் கொடுக்கும்போது மெக்கானிக்குக்கு நெஞ்சு குறுகுறுத்தது. ஆசைப்பட்டு அலைகிற மனிதரைத் தன் பேச்சுத் துணைக்காக இப்படி இழுத்தடிப்பது பாவமில்லையா? கொடுத்துவிட்டால் இவர் இனி வரமாட்டார்தான். ஞாயிற்றுக்கிழமையும் மற்ற நாள்களைப் போலவே ஆகிவிடும். ஆகட்டும்.

அறுவடை இயந்திரத்தை மெல்லிய துணியில் சுற்றினார். குழாய் ஒடியாதபடி பஞ்சை அடைகொடுத்துப் பெட்டிக்குள் இறக்கினார்.

“கீறல்னு சொன்னது பொய்ங்க. நாலு பேர் வந்து போகட்டுமேன்னுதான் விளம்பரமே. காசெல்லாம் வேண்டாம், நீங்களே எடுத்துட்டுப் போங்க” என்று பெட்டியை நீட்டினார்.

டெய்லர் கை நீட்டவில்லை. ஈரத் துண்டை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். கோபித்துக்கொண்டாரோ என்று மெக்கானிக் பயந்தார்.

“வேணாங்க” என்றார் டெய்லர், தரையைப் பார்த்தபடி. “இதை வாங்கிட்டா, அடுத்த வாரம் நான் என்ன சாக்கு சொல்லிட்டு இங்க வர்றது?”