ஊசி விழுந்தாலும் கேட்கிற மைக்

பக்கத்து வளவுப் பேதுருவை நான் எப்பிடி அடக்கினனான் எண்டு கேட்காத ஆள் எங்கட ஊர் ஓலைத்தொடுவாயில இல்லை. நீங்களும் கேளுங்கோ.

என்ர மனிசி றெபேக்கா தானே பாட்டுக் கட்டுவாள், தானே பாடுவாள். கனடாவில இருக்கிற எங்கட ஆக்கள் கொஞ்சப்பேர் வருசா வருசம் புதுப் பாட்டுகளைச் சேர்த்து வெளியிடுறவை. போன வருசம் போனில பதிஞ்சு அனுப்பினவள். பாட்டு அருமை, ஆனால் பின்னுக்கு எஞ்சின் சத்தம் கேட்குது, எடுக்கேலாது எண்டு பதில் வந்துது. ரெண்டு நாள் ஒழுங்காச் சாப்பிடேல்லை அவள்.

எஞ்சின் வேற ஆற்ர? பேதுரு போட் எஞ்சின் திருத்துறவர். விடியத் தொடங்கினால் பொழுதுபடும் வரைக்கும் ஊரில பழுதான எஞ்சினெல்லாம் எங்கட யன்னலுக்கு நேரதான் வந்து உறுமும். எனக்கும் அந்த மனிசனுக்கும் வேலிக்குக் கதியால் நட்ட எல்லைச் சண்டையால ரெண்டு வருசமாப் பேச்சில்லை. இருந்தும் அண்டைக்கு, உங்கட எஞ்சினாலதான் எங்கட பாட்டுப் போச்சு எண்டு வேலிக்கு மேலால கத்தினன். தன்ர வளவு, தன்ர வேலை எண்டு அவரும் திருப்பிக் கத்தினார்.

ராவில பதியலாமே எண்டு கேட்பியள். மன்னாரில ராவில தெருக் கழுதையள் கத்திக் கத்தி விடாது.

இந்த முறை வீட்டிலயே ஒரு அறையைச் சரிக்கட்டினம். சுவரெல்லாம் பழைய மெத்தையும் கம்பளியும். மைக் வாங்க ரவுணுக்கு, நஸார் நானாவின்ர கடைக்குப் போனம்.

நானா ரெண்டு மைக்கை எடுத்து வைச்சார். ஒண்டு டைனமிக். வாய்க்குக் கிட்ட உள்ளதை மட்டும்தான் கேட்கும், வெளிச்சத்தம் பெரிசா ஏறாது. ஆனால் குரலைக் கூட்டிக் குடுக்க நல்ல பிரீஅம்ப் வேணும். மலிவு பிரீஅம்பில கூட்டினால் மீன் பொரிக்கிற மாதிரி இரையும். நல்லது எங்கட கைக்கு எட்டாது.

மற்றது கண்டென்சர். அதுக்கு மலிவு பிரீஅம்பே காணும், குரலும் அப்பிடியே வரும். ஒரே ஒரு சிக்கல், ஊசி விழுந்தாலும் கேட்கும்.

"வீடு அமைதிதானே தங்கச்சி?" எண்டு நானா கேட்டார்.

றெபேக்கா என்னைப் பார்த்தாள்.

"அதுக்கு நான் பொறுப்பு" எண்டு சொல்லிக் கண்டென்சரை வாங்கினன்.

சனிக்கிழமைதான் அனுப்பக் கடைசி நாள். வெள்ளிக்கிழமை வேலிக்கரையில போய் நிண்டன். "நாளைக்குப் பத்து மணிக்கு என்ர மனிசி பாட்டுப் பதியிறாள். ஒரு எஞ்சின் உறுமினாலும் நான் பொலிசில நிப்பன்."

ஊருக்கே கேட்டிருக்கும். மனிசன் ஸ்பானரைத் துடைச்சுக்கொண்டு நிமிர்ந்தும் பார்க்கேல்லை. றெபேக்காவுக்குத்தான் வெக்கம். தன்மையாக் கேட்டிருக்கலாமே எண்டு ஏசினாள். தன்மையாவோ, அந்த மனிசனிட்டயோ?

சனிக்கிழமை பத்து மணிக்கு யன்னலைப் பூட்டி, விசிறியை நிப்பாட்டி, மூண்டு தரம் பாடினாள். வெளியில ஒரு உறுமல் இல்லை. உடுப்பெல்லாம் வேர்வையில நனைஞ்சு வெளியில வந்தாள், ஆனால் முகம் முழுக்கச் சிரிப்பு. பாட்டுக்கு முன்னுக்கும் பின்னுக்கும் இருந்த வெறும் பகுதியை வெட்டிப்போட்டு அனுப்பினாள்.

ஒரு மாசத்தால பதில் வந்துது. பாட்டைத் தெரிவு செய்தது மட்டுமில்லை, தொகுப்பில முதல் பாட்டே அதுதானாம். எங்கட றெபேக்கான்ர பாட்டு! அவள் அழுதுகொண்டு சிரிச்சாள், எனக்கும் கண் கலங்கிப் போச்சு.

ஞாயிறு பூசை முடிய கோயில் வாசலில சனம் அவளைச் சுத்தி நிண்டு கை குடுத்தது. நான் மட்டும் சும்மா நிப்பனோ? பொலிசெண்ட ஒரு சொல்லுக்குப் பேதுரு வாலைச் சுருட்டின கதையை ஒவ்வொருத்தரா மறிச்சுச் சொன்னன். மனிசன் அதைக் கேட்டுக்கொண்டே சைக்கிளை உருட்டிக்கொண்டு போனார். பார்த்தியளோ, இப்பவும் பயம் எண்டு அதையும் சேர்த்துச் சொன்னன்.

அண்டைக்குப் பின்னேரம் கனடாவில இருந்து, வெட்டாத முழுப் பதிவையும் அனுப்பச் சொல்லிக் கேட்டவை. தொடக்கத்தில ஏதும் இரைச்சல் இருக்கோ எண்டு பார்க்க, றெபேக்கா ஹெட்போனைப் போட்டுச் சத்தத்தை உச்சத்துக்குக் கூட்டினாள். திரும்பவும் முதலில இருந்து ஓடவிட்டாள். பிறகு ஹெட்போனைக் கழட்டி என்ர காதில மாட்டிவிட்டாள்.

பாட்டுத் தொடங்க முன்னம் இருந்த அரை நிமிசம் அது. வேலிக்கு அங்கால, மெல்லிசாப் பேதுருவின்ர குரல் கேட்டுது.

"இழுத்து ஸ்டார்ட் பண்ணாதை தம்பி. அந்தப் பிள்ளை பாட்டுப் பதியுது. பின்னேரம் கொண்டு வா, காசு வேண்டாம், சும்மா செய்து தாறன்."

எஞ்சினோட வந்தவன் கேட்கிறான், "அவையோட உங்களுக்குக் கோவமெல்லோ அண்ணை?"

"கோவம் புருசனோட. போன வருசம் அந்தப் பிள்ளையின்ர பாட்டு எடுபடாமல் போனது என்ர எஞ்சினாலயடா. இந்த முறை எண்டாலும் வெல்லட்டும்."