கீறல் விழுந்த இடம்

பினாங்கு சூலியா தெருவில் தையல் கடை வைத்திருந்த கவுஸ் மைதீனுக்குத் தன் மைத்துனன் மஸ்தானின் காதைப் பற்றி அப்படியொரு பெருமை. கடை கிராமபோனில் ஓடும் மலாய்ப் பாட்டை இரண்டு தடவை கேட்டால் போதும், மூன்றாவது தடவை அது அவனுடைய கித்தாரிலிருந்து வரும். சொல்லிக்கொடுக்க யாரும் இல்லை.

ஒரே ஒரு பாட்டுப் பிளேட்டில்தான் வம்பு. அதன் குறுக்கே ஒரு கீறல். ஊசி அங்கே வந்ததும் தாவிவிடும். மஸ்தான் மட்டும் தாவ மாட்டான். அந்த இடத்தில் நிதானமாக ஒரு துண்டு வாசித்து, கித்தார்ப் பலகையை இரண்டு முறை தட்டிவிட்டு மேலே போவான்.

“இல்லாதத எங்க புடிச்சே மாப்ளே?” என்று மெஷினை மிதித்தபடியே கேட்பார் கவுஸ் மைதீன். எவ்வளவு எண்ணெய் விட்டாலும் அந்த மெஷின் ஏழு மிதிக்கு ஒரு தரம் கீச்சென்று கத்தும்.

“இருக்குலா மச்சான். எனக்கு நல்லா கேக்குது.”

மெய்தானா என்று பார்த்துவிட, அதே பாட்டின் புதுப் பிளேட்டைச் சிங்கப்பூரிலிருந்து வரவழைத்தார். ஜும்மா முடிந்து வந்து, மெஷின் முன்னால் உட்கார்ந்தபடியே பக்கத்துக் கிராமபோனில் ஊசியை வைத்தார்.

கீறல் இருந்த இடம் வந்தது. மஸ்தான் வாசிக்கும் அதே துண்டு, இம்மி பிசகவில்லை. பிறகு இரண்டு தட்டு.

“அல்லா! என்ன காதுடா உனக்கு!” என்றவர் சட்டென்று பேச்சை நிறுத்தினார். பிளேட்டுக்குள், கித்தாருக்குப் பின்னால், ஒரு தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. ஏழாவது மிதியில் அது கீச்சென்றது.

கவுஸ் மைதீன் குனிந்து தன் கால்களைப் பார்த்தார். இரண்டும் மிதிபலகையில் இல்லை, தரையில்தான் இருந்தன.