நான்காம் பக்கம்

"போட்டுடு கண்ணு. ஒரு கையெழுத்துதானே. போட்டுட்டு வெளிய போய் நிம்மதியா இரு."

"படிச்சுப் பார்க்காமயா?"

"படிச்சா மட்டும் மாறிடப் போகுதா?"

இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டு நகரில் சோபா விற்கும் ஒரு கம்பெனியின் அலுவலகம். மூன்றாவது மாடியில் தேநீர் போடும் சின்ன அறை. கையெழுத்துப் போடச் சொன்னவள் நோரீன் ஹார்ட்லி. ஐம்பத்தாறு வயது. கீழ்த்தளத்தில் தபால் பிரிப்பவள். ஒரு காலத்தில் இதே மாடியில் விற்பனைப் பிரிவில் இருந்தாள். முழங்கால் வலி என்று மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு கீழே போனதாகச் சொல்வார்கள். ஆனால் தேநீர் நேரத்தில் தினமும் படியேறித்தான் வருவாள்.

எதிரே சுவரில் சாய்ந்து நின்றவள் கீலி. இருபத்து நான்கு வயது. கையில் ஐந்து பக்க ஒப்பந்தம்.

மூன்று மாதத்துக்கு முன் ஒரு மழைநாளில், வீட்டில் விடுகிறேன் என்று விற்பனை மேலாளர் டங்கன் அவளைக் காரில் ஏற்றிக்கொண்டார். பாதி வழியில் காரை நிறுத்தினார். கதவைத் திறந்துகொண்டு இறங்கிய கீலி நான்கு மைல் நனைந்தபடி நடந்து வீடு சேர்ந்தாள். மறுநாள் புகார் கொடுத்தாள். கம்பெனி விசாரித்தது. தவறான புரிதல் என்றது. இப்போது ஒரு தொகையைக் கொடுத்து அவளை வேலையை விட்டுப் போகச் சொல்கிறது. காரில் நடந்ததைப் பற்றி ஆயுளுக்கும் வாய் திறக்கக் கூடாது என்பது நிபந்தனை. நாளை காலை பதினோரு மணிக்குப் பதில் சொல்ல வேண்டும்.

"நாளைக்குத் துணைக்குக் கூட வேலை பாக்குற ஒருத்தரைக் கூட்டிட்டு வரலாமாம்" என்றாள் கீலி. "ஷெல்லியைக் கேட்டேன். பல் டாக்டர்கிட்டப் போகணுமாம். டோனாவைக் கேட்டேன். அவளுக்கும் பல் டாக்டராம். நாளைக்கு இந்த ஆபீஸ்ல ஒருத்தர் வாயிலயும் பல்லே இருக்காது போல."

நோரீனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வந்த வேகத்தில் போயும்விட்டது. தேநீர் குடித்த மக்கை எடுத்துக் குழாயடியில் பிடித்தாள்.

"அதை மூணாவது தடவையா கழுவுறீங்க."

"கறை போகல."

"டங்கன் இன்னிக்குக்கூட என்னைப் பார்த்து குட் மார்னிங் சொன்னான். டை நல்லா இருக்கான்னு கேட்டான்."

"அவன் அப்படித்தான். கண்டுக்காத."

"எல்லாரும் இதையேதான் சொல்றீங்க. அவன் அப்படித்தானாம். நான் மட்டும் எப்படி இருக்கணும்னு ஒரு பட்டியலே வெச்சிருக்கீங்க."

நோரீன் பிஸ்கட் டப்பாவை அவள் பக்கம் நகர்த்தினாள். கீலி எடுக்கவில்லை.

"உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். நான் சேர்ந்த முதல் வாரம் ஒரு பஸ் அட்டவணை கொடுத்தீங்களே, ஞாபகம் இருக்கா? சாயங்காலம் ஆறு நாப்பது பஸ்ஸுக்குப் பச்சை மையில வட்டம் போட்டிருந்துச்சு. மழையோ பனியோ, இந்த பஸ்ஸை மட்டும் விட்டுடாதன்னு சொன்னீங்க."

"புதுசா வர்ற பொண்ணுங்க எல்லாருக்கும் கொடுப்பேன்."

"பையன்களுக்கு?"

நோரீன் குழாயை மூடினாள். "அவங்க சைக்கிள்ல வருவாங்க."

"எல்லாருமா?"

நோரீனின் கழுத்திலிருந்து காது வரை சிவந்தது. மழை பெய்கிறதா என்று பார்ப்பவள் போல ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வெளியே நல்ல வெயில்.

"அன்னிக்கு ரெண்டு நிமிஷத்துல அந்த பஸ்ஸை விட்டுட்டேன்" என்றாள் கீலி.

"தெரியும் கண்ணு." குரல் தேய்ந்திருந்தது. "அதனாலதான் சொல்றேன். கேஸு கோர்ட்டுன்னு போனா, நீ என்ன உடுத்தியிருந்தே, ஏன் ஏறுனே, ஏன் சிரிச்சேன்னு உன்னைத்தான் குடைவாங்க. பணத்தை வாங்கிக்கோ. புது வேலை, புது ஊரு. ஆறு மாசத்துல மறந்துடும்."

"மறந்துடுமா?"

"மறந்துடும்."

"என் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்க."

நோரீன் திரும்பவில்லை. துணியை எடுத்து மக்கைத் துடைக்க ஆரம்பித்தாள். ஒரே இடத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

கீலி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். ஒப்பந்தத்தை மேசை மேல் வைத்தாள்.

"காலைல பஸ்ல வர்றப்போ இதை முழுசாப் படிச்சுட்டேன் நோரீன். என்னை மாதிரி ஒருத்திக்குப் புதுசா எழுதறதுக்கு அவங்களுக்கு ஏது நேரம். பழைய ஒப்பந்தம் ஒண்ணை எடுத்து, பேரை மட்டும் மாத்தியிருக்காங்க."

நான்காம் பக்கத்தைத் திருப்பி ஒரு வரியின் கீழ் விரலை வைத்தாள்.

"ஒரு இடத்துல மாத்த மறந்துட்டாங்க. வாசிக்கிறேன். 'டங்கன் அவர்களின் நடத்தை குறித்து எக்காலத்திலும் எவரிடமும் பேசுவதில்லை என்று திருமதி நோரீன் ஹார்ட்லி உறுதியளிக்கிறார்.'"

துடைத்துக்கொண்டிருந்த கை நின்றது.

"நீங்க எதுவும் பேச வேணாம்" என்றாள் கீலி, மெதுவாக. "நாளைக்குப் பதினோரு மணிக்கு என் பக்கத்து நாற்காலியில வந்து உக்காருவீங்களா?"