வீட்டுக்காரரின் டைமிங்

சிப்காட் தொழிற்பேட்டை வரை ஓடிவிட்டுத் திரும்பிய குமரவேல், மனைவியிடம் கைக்கடிகாரத்தை நீட்டினான். சுகந்திக்குப் பெருமை பிடிபடவில்லை.

“பத்து கிலோமீட்டர் முப்பத்தஞ்சு நிமிஷமா! திருவள்ளூர் மாரத்தானுக்குப் பேர் குடுத்துடட்டுமா?”

“வேணாம். அங்க ரோட்டையே மூடிடுவாங்க. ஒரு வண்டி வராது.”

“அது நல்லதுதானே?”

“எனக்கு டிராஃபிக் இருந்தாதான் ஓட்டமே வரும்” என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனான்.

லாரிகளுக்கு நடுவே ஓடுகிற மனுஷனுக்கு இதென்ன கூச்சம் என்று சுகந்தி போனில் மாரத்தானுக்கு அவன் பெயரைப் பதிவு செய்தே விட்டாள். தெரு வாட்ஸ்அப் குரூப்பிலும் டைமிங்கோடு போட்டாள்.

வாசலில் ஹார்ன் சத்தம். கம்பெனி பஸ் டிரைவர் ஒருவர் குமரவேலின் தண்ணீர் பாட்டிலோடு நின்றார்.

“பஸ்லயே வச்சிட்டு எறங்கிட்டாரு அண்ணி. அண்ணன் எந்தக் கம்பெனி? நைட் ஷிஃப்ட் முடிச்சிட்டு, தெனமும் பஸ்ஸ உட்டுட்டு ஊட்டுக்கு ஓடினு வர்றாரு. பார்க்கவே பாவமா கீது. நான்தான் பாதி வழியில ஏத்திக்கினு வந்து தெருமுனையில எறக்கி உடறேன்.”

குளியலறையிலிருந்து குரல் வந்தது. “சுகந்தி, இன்னிக்கு என் டைமிங் எப்படி?”

“வந்து நீங்களே பாருங்க. காக்கிச் சட்டை போட்டுக்கினு வாசல்ல நிக்குது!”